ஒன்றே முக்கால் ரூபாயும் எழுபத்தைந்தாயிரமும்

மலர்க் குழுவிலிருந்து போன் செய்தார்கள். இந்த முறை ஒவ்வொருவரும் கல்லூரி நாட்களில் மனதில் இடம்பிடித்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். நம் பழைய வாத்தியார்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டவர் நம் கல்லூரியில் கால் வைத்தவரே இல்லை. அவர் மறைந்தே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தது நம் கல்லூரிதான்.

அவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஹிந்து, சுதேசமித்திரன் என்ற இரண்டு பத்திரிகைகளைத் தொடங்கியவர். பொது அறிவுத் தேர்வில் ஒரு மார்க்குக்கு வருவார், அதோடு மறந்துவிடுவோம். ஆனால் அந்த ஒரு மார்க்குக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. இரண்டு பத்திரிகைகளைப் பெற்று வளர்த்த மனிதர், கண் மூடும்போது இரண்டில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவே என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972-ல் நாங்கள் நாலு பேர் விடுதியில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினோம். ஆளுக்குப் பத்து ரூபாய், மொத்தம் நாற்பது ரூபாய் முதலீடு. கடைத்தெருவில் இருந்த ஒரு டிரெடில் அச்சகத்தில் இருநூறு பிரதி. பத்திரிகையின் பெயரை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள், வேண்டாம். என் அறைத் தோழன்தான் ஆசிரியர். எழுத்து அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு எழுத வராது, கணக்கு வரும். எனவே நான் நிர்வாகி. முதல் இதழைக் கொண்டுபோய் எங்கள் சரித்திரப் பேராசிரியரிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்களை உட்காரச் சொல்லி, திருவல்லிக்கேணியில் ஆறு பேர் பத்திரிகை தொடங்கிய கதையை ஒரு மணி நேரம் சொன்னார். ஐயர் எனக்கு அறிமுகமானது அன்றைக்குத்தான்.

திருவையாற்றுப் பிள்ளை

சுப்பிரமணிய ஐயர் 1855 ஜனவரி 19-ஆம் தேதி தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் பிறந்தார். தந்தை கணபதி ஐயர், முன்சீப் கோர்ட்டில் வக்கீல். தஞ்சாவூரில் படித்து மெட்ரிகுலேஷன், எப்.ஏ. முடித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்தார். பிறகு வாத்தியார் வேலை. வேலை பார்த்துக்கொண்டே 1877-ல் பி.ஏ. தேறினார். அப்போது பச்சையப்பன் கல்விச்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர் எம். வீரராகவாச்சாரியார். இரண்டு பேரும் இளைஞர்கள். ஐயருக்கு 23 வயது, ஆச்சாரியாருக்கு 21.

இவர்களோடு சட்டம் படித்துக்கொண்டிருந்த நான்கு மாணவர்கள் சேர்ந்தார்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு. ஆறு பேருமே திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசுகிறவர்கள். நம் விடுதி மொட்டை மாடியில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசுவோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு பத்திரிகையாக மாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. டி. முத்துசாமி ஐயரை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வெள்ளைக்காரர்கள் நடத்திய சென்னைப் பத்திரிகைகள் இது தகாது என்று குதித்தன. பதில் சொல்ல நம்மவர்களிடம் ஒரு பத்திரிகை இல்லை. அதே 1878-ஆம் வருஷம்தான் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஒரு சட்டம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. சரி, நாமே இங்கிலீஷில் ஒன்று நடத்துவோம் என்று ஆறு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

கையில் காசு கிடையாது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா, அதாவது ஒன்றே முக்கால் ரூபாய், கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சாயின. அதுதான் ஹிந்து. அப்போது அது வாரப் பத்திரிகை.

எங்கள் பேராசிரியர் இந்த இடத்தில் நிறுத்தி, எங்கள் நாற்பது ரூபாயைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார். அவர்களை விட நீங்கள் பணக்காரர்கள் என்றார். நாங்கள் தலைகால் புரியாமல் வெளியே வந்தோம்.

ஆறு பேர் இரண்டு பேரானார்கள்

சட்டம் படித்த நால்வரும் படிப்பு முடிந்ததும் அவரவர் தொழிலைப் பார்க்கப் போனார்கள். சுப்பாராவ் பந்துலு ராஜமுந்திரிக்குப் போய் வக்கீல் தொழிலிலும் பொதுவாழ்விலும் பெயர் எடுத்தார். தப்பு சொல்ல முடியாது. பத்திரிகை சோறு போடாத காலம் அது. கடைசியில் இரண்டு வாத்தியார்கள் மிஞ்சினார்கள். ஐயர் ஆசிரியர், ஆச்சாரியார் நிர்வாகி.

இந்த ஏற்பாடு இருபது வருஷம் ஓடியது. சாதாரண விஷயமா? 1883 அக்டோபரில் ஹிந்து வாரத்துக்கு மூன்று நாள் வரத் தொடங்கியது. அதே டிசம்பரில் மவுண்ட் ரோடு 100-ஆம் எண் கட்டடத்துக்குக் குடிபோய், நேஷனல் பிரஸ் என்ற சொந்த அச்சகம் வைத்தார்கள். 1889 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் தினசரியானது, மாலைப் பத்திரிகையாக. 1892-ல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு கடன் கொடுத்து உதவியதில் அந்தக் கட்டடமும் சொந்தமாயிற்று. கடன், சந்தா, நன்கொடை, மறுபடியும் கடன் என்று இதையெல்லாம் சமாளித்தவர் வீரராகவாச்சாரியார். அவர் பெயரைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் அவரைப் பற்றி நினைத்ததில்லை.

ஐயரோ பத்திரிகைக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டே இருந்தார். 1884-ல் சென்னை மகாஜன சபை தொடங்கியதில் ஐயர், ஆச்சாரியார் இருவருக்கும் பங்கு உண்டு. 1885 டிசம்பர் 28-ஆம் தேதி பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியபோது 72 பேர் வந்திருந்தார்கள். அங்கே முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இந்தத் திருவையாற்றுக்காரர்தான். இந்தியாவின் நிர்வாகத்தை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்பது தீர்மானம்.

அதற்கு முன்பே 1882-ல் சுதேசமித்திரனைத் தமிழில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிவிட்டார். லிட்டனின் வாய்ப்பூட்டுச் சட்டம் நீக்கப்பட்டதும் அதே வருஷம்தான். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நம் ஜனங்களில் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு யார் சொல்வது? அந்தக் கேள்விக்கு அவர் செய்த காரியம் சுதேசமித்திரன்.

வீட்டில் செய்தது

ஐயர் பால்ய விவாகத்தை எதிர்த்தார், விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று எழுதினார். எழுதுவது ஒரு மாதிரி, செய்வது வேறு மாதிரி. அவருடைய மகள் சிவப்பிரியம்மாள் பதின்மூன்று வயதில் விதவையானாள். 1889-ல் காங்கிரஸ் பம்பாயில் கூடிய சமயம், அங்கே வைத்து அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

அந்தக் காலத்துத் திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் ஒதுக்கினார்கள், ஊர் ஒதுக்கியது. காங்கிரஸ் கூட்டத்தில் அவருக்குக் கை தட்டியவர்களே வீட்டுக்கு வந்து சாப்பிடத் தயங்கினார்கள்.

பத்திரிகைக்கும் இது சோதனையாயிற்று. ஹிந்துவுக்குச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், மிராசுதார்கள். அரசாங்கத்தைத் திட்டி எழுதினால் சந்தோஷமாகப் படிப்பார்கள். அவர்கள் வீட்டு அடுக்களையைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்பார்கள். அத்தோடு மானநஷ்ட வழக்குகள் வேறு. ஒவ்வொரு வழக்கும் கல்லாவைக் காலி செய்தது. ஆசிரியர் எழுதுகிறார், நிர்வாகி வக்கீலுக்குப் பணம் தேடுகிறார். வீரராகவாச்சாரியார் சமூக விஷயங்களில் வைதீகப் போக்குள்ளவர். சம்மதமில்லாத எழுத்துக்கு நஷ்டத்தையும் சேர்த்துச் சுமக்க எத்தனை காலம் முடியும்?

1897-ல் இந்தியாவின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன்னால் சாட்சி சொல்ல ஐயர் லண்டன் போனார். தின்ஷா வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, கோகலே ஆகியோரும் சாட்சி சொன்னார்கள். ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அதைவிட என்ன கௌரவம் வேண்டும்? ஆனால் அடுத்த வருஷமே, 1898 அக்டோபரில், கூட்டு முறிந்தது. ஆச்சாரியார் ஹிந்துவின் ஒரே சொந்தக்காரர் ஆனார். ஐயர் சுதேசமித்திரனோடு வெளியேறினார். இருபது வருஷம் தான் ஆசிரியராக இருந்த பத்திரிகையை மறுநாளிலிருந்து அவரும் மற்றவர்களைப் போல வாங்கித்தான் படிக்க வேண்டும்.

எங்கள் கூட்டு முறிந்த கதை

எங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். இது எட்டு மாதம் ஓடியது. பின்னட்டையில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், மாதம் இருபது ரூபாய். அந்த இருபது ரூபாய் வந்தால்தான் காகிதம் வாங்க முடியும்.

1973-ல் ஒரு மாதம் என் அறைத் தோழன் ஒரு கட்டுரை எழுதினான். அவனுடைய அண்ணன் வேறொரு ஊரில் துணிக்கடையில் வேலை பார்த்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி அடைக்கும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்தால் அபராதம். கால் நரம்பு புடைத்து, பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அதை எழுதியிருந்தான். எந்தக் கடையின் பெயரும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: ஒரு முக்காலி போடுங்கள்.

கம்போஸ் ஆகி, புரூஃப் பார்த்து, ஃபாரம் கட்டியாகிவிட்டது. அன்றைக்கு அவன் ஊருக்குப் போயிருந்தான். நான் அச்சகத்தில் தனியாக இருந்தேன். பின்னட்டை விளம்பரத்தைப் பார்த்தேன், அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். என்ன தோன்றியதோ, ஃபோர்மேனிடம் சொல்லி அந்தப் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னேன். பழைய கவிதை ஒன்றைப் போட்டு நிரப்பினோம். ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு இப்படி ஒரு கட்டுரை இருந்ததே தெரியாது. நானாகவே பயந்து நானாகவே எடுத்தேன்.

அவன் இதழைப் பிரித்துப் பார்த்தான். சண்டை போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தன் பங்குப் பத்து ரூபாயைக் கூடத் திருப்பிக் கேட்கவில்லை. படிப்பு முடியும் வரை ஒரே அறையில்தான் இருந்தோம். சாப்பாட்டு மணி, தண்ணீர் என்று நாலு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. பத்திரிகை இன்னும் மூன்று இதழ் வந்து நின்றது. விளம்பரம் இருந்தது, காகிதம் இருந்தது, எழுத ஆள் இல்லை.

ஏப்ரல் முதல் தேதி

வீரராகவாச்சாரியாருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சி. கருணாகர மேனனை ஆசிரியராக வைத்து ஹிந்துவை நடத்தினார். ஆனால் பழைய வேகம் போய்விட்டது. விற்பனை இறங்கி இறங்கி 800 பிரதிகளில் வந்து நின்றது. விற்றுவிடுவதென்று முடிவு செய்தார்.

வாங்கியவர் எஸ். கஸ்தூரிரங்க ஐயங்கார். கும்பகோணம் பக்கத்து இன்னம்பூர்க்காரர். கோயம்புத்தூரில் வக்கீலாக இருந்து சென்னைக்கு வந்து, 1895 முதல் ஹிந்துவுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர். 1905 ஏப்ரல் 1-ஆம் தேதி 75,000 ரூபாய்க்குப் பத்திரிகை கைமாறியது. தினசரியாகிச் சரியாகப் பதினாறு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் முதல் தேதி. ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கியது இருபத்தேழாவது வருஷம் எழுபத்தைந்தாயிரத்துக்குப் போயிற்று. விற்ற நாளில் சுப்பிரமணிய ஐயருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.

புதிய முதலாளி என்ன செய்தார் தெரியுமா? சந்தா பாக்கி வைத்திருந்தவர்களுக்குப் பத்திரிகை அனுப்புவதை நிறுத்தினார். முன்பணம் கட்டினால்தான் பத்திரிகை என்றார். விளம்பரக் கட்டணத்தை ஒழுங்கு செய்தார். ராய்ட்டர் செய்திக்குச் சந்தா கட்டினார். தானே ஆசிரியராகவும் உட்கார்ந்தார். எழுதுகிற கையும் கல்லாச் சாவியும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. இனிமேல் ஆசிரியரும் நிர்வாகியும் சண்டை போட இடமில்லை. 1923-ல் அவர் மறையும்போது ஹிந்து உறுதியாகக் காலூன்றி நின்றது. இன்றும் அது அந்தக் குடும்பத்தாரின் நிறுவனத்திடம்தான் இருக்கிறது.

இது ஹிந்துவுக்கு மட்டும் நடந்ததில்லை. 1932-ல் சென்னையில் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ், எஸ். சதானந்த் கைக்குப் போய், அவரிடமிருந்து ராம்நாத் கோயங்கா கைக்குப் போயிற்று. தொடங்குகிறவருக்கு ஒரு ஆவேசம் வேண்டும். நிலைத்து நடத்துகிறவருக்கு வேறொரு சாமர்த்தியம் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

மித்திரனும் கைமாறியது

வெளியேறிய ஐயர் சும்மா உட்காரவில்லை. 1899-ல் சுதேசமித்திரனைத் தினசரியாக்கினார். இங்கிலீஷில் கொடிகட்டிப் பறந்தவர், தமிழில் தினமும் ராஜ்ய விவகாரம் எழுத உட்கார்ந்தார். பட்ஜெட், வரி, நிர்வாக சபை இதற்கெல்லாம் அப்போது தமிழில் பழகிய வார்த்தைகள் கிடையாது. ஒவ்வொரு நாளும் வார்த்தையைத் தேடிப் பிடித்துச் செய்தி போட வேண்டும். 1903-ல் இந்தியாவில் ஆங்கில ஆட்சியின் பொருளாதார விளைவுகளைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகமும் எழுதினார்.

1904-ல் மதுரை சேதுபதி பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழ் வாத்தியாராக இருந்த ஒரு இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்து, உதவி ஆசிரியர் வேலை கொடுத்தார். தந்தியில் வரும் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது வேலை. அந்த இளைஞர்தான் பாரதியார். இரண்டு வருஷத்தில் பாரதியார் இந்தியா பத்திரிகைக்குப் போய்விட்டார். ஆனாலும் பாரதியாருக்குப் பத்திரிகைத் தொழில் கற்றுக் கொடுத்த இடம் ஐயரின் ஆபீஸ்தான்.

வங்கப் பிரிவினைக்குப் பிறகு ஐயரின் எழுத்தில் சூடு ஏறியது. 1908-ல் குற்றாலத்தில் இருந்தபோது ராஜதுரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. உடம்பு ஏற்கெனவே நோயில் இருந்தது. உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. வ.உ.சி. ஜெயிலுக்குப் போன அதே வருஷம். ஐயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரே என்று நாங்கள் மாணவர்களாக இருந்தபோது வாதம் செய்திருக்கிறோம். இருபது வயதில் அப்படிப் பேசலாம். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலிக்கே வீட்டை விட்டு இறங்கத் தயங்குகிறேன். அந்த வாதத்தை நான் இப்போது செய்ய மாட்டேன்.

அவருக்கு வந்தது தொழுநோய். உடம்பெல்லாம் புண். மகளின் கல்யாணத்துக்காக ஒதுக்கிய ஊர், இப்போது நோய்க்காகவும் ஒதுக்கியது. 1915-ல் சுதேசமித்திரனை ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். அவர் கஸ்தூரிரங்க ஐயங்காரின் நெருங்கிய உறவினர், ஹிந்துவில் உதவி ஆசிரியராக இருந்தவர். ஆக, ஐயர் தொடங்கிய இரண்டு பத்திரிகைகளும் ஒரே குடும்ப வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தன. காந்தி சென்னைக்கு வந்தபோது ஐயரைத் தேடிப் போய்ப் பார்த்தார் என்றும், தன் துணியாலேயே அவர் புண்களைத் துடைத்தார் என்றும் சொல்வார்கள். 1916 ஏப்ரல் 18-ஆம் தேதி ஐயர் காலமானார்.

சுதேசமித்திரன் அவருக்குப் பிறகும் பல பத்து வருஷங்கள் நடந்தது. நம் வயதுக்காரர்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்திருப்பார்கள். இப்போது அது இல்லை. ஹிந்துவை வாங்கிய குடும்பம் 2013 செப்டம்பரில் தமிழிலும் ஒரு நாளிதழ் தொடங்கியது. இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று என்று ஐயர் 1882-லேயே போட்ட கணக்குக்கு, வேறொரு வீட்டார் நூற்று முப்பத்தொரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

கடைசியாக

இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் சேர்ந்து எதையாவது தொடங்குவீர்கள். பத்திரிகையாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம். முதல் நாளே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் யார் பொறுப்பு, என்ன வெளியிடுவது என்பதை முடிவு செய்வது யார், பிரிய வேண்டி வந்தால் எப்படிப் பிரிவது. ஒன்றே முக்கால் ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

ரொம்ப காலம் இந்தக் கதையில் நான் சுப்பிரமணிய ஐயரின் பக்கம்தான் நின்றேன். யார்தான் நிற்க மாட்டார்கள்? வயசான பிறகுதான் யோசித்தேன், இந்தக் கதையில் என்னுடைய இடம் வீரராகவாச்சாரியாரின் இடம் என்று. ஆனால் அப்படிச் சொல்வதும் ஆச்சாரியாருக்கு நியாயம் இல்லை. அவர் இருபது வருஷம், தனக்குச் சம்மதமில்லாததையும் அச்சடித்து, வழக்குக்கும் பணம் கட்டி, அதற்குப் பிறகு நேருக்கு நேராகப் பிரிந்தார். நான் எட்டாவது மாதமே, ஆள் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்தைப் பிரித்தேன்.

2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பி.ஏ. மாணவன் கேட்ட முக்காலி. இருநூறு பிரதி பத்திரிகையில் அது வந்திருந்தால் சட்டம் சீக்கிரம் வந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இருநூறு பேர் படித்திருப்பார்கள். அவன் அண்ணனும் படித்திருப்பார்.

அன்றைக்கு ஃபாரத்தைப் பிரித்தபோது புரூஃப் தாளை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. மடித்து கணக்கு நோட்டுக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னும் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, மை பழுத்து. சங்கமத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலைச் செயலாளர் அனுப்பியிருந்தார். அதில் என் அறைத் தோழன் பெயரும் இருக்கிறது.

தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன். அவனுடைய பத்து ரூபாயும் பாக்கி இருக்கிறது.